கைக்கு மனப்பாடம்

ஜூலை 14, திங்கள்

இட்லி மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு வரை நாசம். துடைத்து முடித்து எட்டரை பஸ்ஸைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாலு பாடவேளை. நடுவில் சீருடைக்கு அளவெடுக்க வந்தவருக்குப் பேர் எழுதிக் கொடுக்கிற வேலை. அதையும் தமிழாசிரியர்தான் செய்ய வேண்டுமாம்.

சாயங்காலம் ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. வாங்கிப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ. ஓர் அம்மா மேசை மேல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை விரித்து வைத்துக் கேட்கிறாள்: "தமிழ்ல எழுபத்திரெண்டு போட்டிருக்கு. எம் பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியல. இதுக்கு யாருய்யா பொறுப்பு?"

பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண். குனிந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. முனீஸ்வரி. நாலு வருஷத்துக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் என் மாணவி. நான்தான் வகுப்பாசிரியை, தமிழும் நான்தான். மேசைக்கு முன்னால் நிற்பது அவள் அம்மா பஞ்சவர்ணம். தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உனக்கென்ன புஷ்பம், நீ மார்க் போடலையே, பேப்பர் திருத்துனவன்தான போட்டான்" என்றார். நியாயம்தான். ஆனாலும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

தலைமையாசிரியர் ஞானதுரை சார் கூப்பிட்டு முழுக் கதையும் சொன்னார். முனீஸ்வரியின் அப்பா கிராம உதவியாளர், ஊரில் இன்றும் தலையாரி என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருஷம் முன்னால் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் அந்த வேலையை மகளுக்குக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்புப் பாஸ் ஆகியிருக்க வேண்டும், தாலுகா ஆபீஸில் வாசிப்புச் சோதனை ஒன்று உண்டு, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாளாம். தாசில்தார், "இந்த சர்ட்டிபிகேட் ஒன்னோடதுதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"தமிழ்ப் பாடம். அதனால விளக்கம் நீங்கதான் எழுதணும் டீச்சர்" என்றார் சார்.

"கணக்குல எத்தனை எடுத்தா சார்?"

"முப்பத்தஞ்சு. அதப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. எழுபத்திரெண்டு எடுக்க வச்சீங்க பாருங்க, அதான் வம்பு."

பாராட்டா பழியா என்று புரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.


ஜூலை 16, புதன்

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்ததுதான் மிச்சம்.

என்ன எழுத? எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடக் கூடாது. நடுநிலைப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறார்கள். வருகிற அறுபது பேரில் பதினைந்து பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பத்தாம் வகுப்பில் என்னிடம் பத்து மாசம் இருப்பார்கள். அதில் திருப்புதல் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, தேர்தல் வேலை எல்லாம் போக ஐந்து மாசம் மிஞ்சும். ஒன்பது வருஷம் ஒன்பது பேர் செய்யாததை ஐந்து மாசத்தில் நான் ஒருத்தி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஜூன் மாசம் கூட்டம் போட்டு, "உங்க பாடத்துல எத்தன ஃபெயில், எந்திரிச்சு நில்லுங்க" என்பார்கள். நான் ஒரு தடவை நின்றிருக்கிறேன். நாற்பது பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பார்க்க நின்றேன். அந்த அவமானம் எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாயால் மனப்பாடம் பண்ண வராத பிள்ளைகளுக்குக் கைக்கு மனப்பாடம். வருஷா வருஷம் தவறாமல் வருகிற பத்துக் கேள்விக்கு விடையை நானே என் கையால் பெரிதாக எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொன்றையும் நூறு தடவை எழுத வேண்டும். கேள்வித்தாளில் கேள்வியின் முதல் எழுத்தைப் படம் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் படம் வந்தால் இந்த விடை. பதினோரு வருஷமாக என் பாடத்தில் ஒருவர்கூட ஃபெயில் இல்லை. இதைக் கேட்டு மூன்று பள்ளிக்கூடத்திலிருந்து என் ஜெராக்ஸை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

முனீஸ்வரி ஒரு நாளும் என்னிடம் வந்து, டீச்சர் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொன்னவள் இல்லை. இதையும் விளக்கத்தில் எழுதினேன்.


ஜூலை 17, வியாழன்

சிலிண்டர் வந்தது. விளக்கத்தைக் கொடுத்துவிட்டேன்.


ஜூலை 19, சனி

இன்று விடுமுறை. போனும் கையுமாகவே போயிற்று. நடுநிலைப் பள்ளி ரோஸ்லின் டீச்சரைக் கூப்பிட்டேன். "எங்கள்ட்ட ஆறாப்புக்கு வரும்போதே அப்படித்தான் வந்தா. தொடக்கப் பள்ளியக் கேளுங்க" என்றார். தொடக்கப் பள்ளி சாரைப் பிடித்தேன். "அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர் டீச்சர். ஒருத்தர் ஆன்லைன்ல விவரம் ஏத்திக்கிட்டே இருப்போம், ஒருத்தர் சத்துணவப் பாப்போம். வீட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?" என்றார்.

வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது, பஞ்சவர்ணமா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் தப்பித்துக்கொள்வதற்கு வீடு இருக்கிறது. ரோஸ்லினுக்கு அவர் இருக்கிறார். எனக்கு ரோஸ்லின் இருக்கிறார். போனை வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவினேன்.


ஜூலை 21, திங்கள்

ஓலை வந்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.) நேரில் வந்து விசாரிப்பார். தாயும் மகளும் வர வேண்டும். நாங்கள் எல்லோரும் இருக்க வேண்டும்.

ஞானதுரை சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "டீச்சர், இதுல ரெண்டே வழிதான். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், அம்மா கோவத்துல பொய்ப் புகார் குடுத்துட்டாங்க. இது ஒண்ணு. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னா, பரீட்சைய அவ எழுதல, வேற யாரோ எழுதியிருக்காங்க. இது ரெண்டு. ரெண்டாவதுன்னு ஆச்சுன்னா முறைகேடு. சர்ட்டிபிகேட்ட கேன்சல் பண்ணிருவாங்க. அப்புறம் அந்த வேலைக்கு அவ ஜென்மத்துக்கும் மனுப் போட முடியாது."

"தாலுகா ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"சர்ட்டிபிகேட் இருந்தா இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டலாமாம். அப்பா செத்து மூணு வருஷத்துக்குள்ள. இன்னும் பதினோரு மாசம் இருக்கு. அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்றேன், புகார வாபஸ் வாங்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அந்தப் பிள்ளைக்காகத்தான். எனக்கும் சரியென்றே பட்டது. வாபஸ் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எட்டு வரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதினேன், வேறு காரணம் இல்லை.


ஜூலை 24, வியாழன்

பள்ளி விட்டதும் போனேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் லைன் வீடு. பஞ்சவர்ணம் அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரியும் இப்போது அங்கேதான் பெட்டியில் குச்சி அடைக்கிறாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பக்கத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னாள் அம்மா. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஞானதுரை சார் சொன்னதை அப்படியே சொன்னேன். பஞ்சவர்ணம் முழுசாகக் கேட்டாள்.

"அப்போ வாசிக்கத் தெரியலன்னு நாங்க சொன்னா, எங்க சர்ட்டிபிகேட்டத்தான் புடுங்குவாங்களா? தெரியாமலே பாஸ் போட்டு அனுப்புனவங்களுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"சட்டம் அப்படித்தாம்மா இருக்கு" என்றேன். எந்தச் சட்டம் என்று அவள் கேட்காதது நல்லதாய்ப் போயிற்று.

"எம் புருசன் இருவத்தெட்டு வருசம் பாத்த வேல டீச்சர். அது இவளுக்கு வந்துட்டா இந்த மருந்து நாத்தத்துல இருந்து பிள்ள தப்பிச்சிரும். வேற ஆச எனக்கு இல்ல." கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "குடுங்க, போடுதேன். நான் கையெழுத்து மட்டுந்தான் போடுவேன். என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிருங்க."

வாசித்தேன். நடுவில் இரண்டு வரி இருந்தது. என் மகள் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லவில்லை, அவளைக் கவனியாமல் விட்டது எங்கள் குடும்பத்தின் தவறே அன்றி ஆசிரியர்களின் தவறு அன்று. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாசிக்க வாய் வரவில்லை. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன்.

பஞ்சவர்ணம் பேனாவை வாங்கிவிட்டாள். அப்போது முனீஸ்வரி சொன்னாள்: "டீச்சர், நடுவுல ரெண்டு வரிய வாசிக்கல."

"எல்லாம் வாசிச்சாச்சும்மா."

"இல்ல டீச்சர். ஒங்க கண்ணு அந்த எடத்துல நிக்காமக் கீழ வந்துருச்சு." சத்தமே போடாமல்தான் சொன்னாள். "வாசிக்கத் தெரியாதவ, வாசிக்கிறவங்க கண்ணத்தான பாக்கணும். தாலுகா ஆபீஸ்லயும் அப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த இரண்டு வரியையும் வாசித்தேன்.

பஞ்சவர்ணம் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒழுங்காப் போகலையா? காச்சலோட வந்து ஒக்காந்தவள நீங்கதான டீச்சர் வீட்டுக்கு அனுப்பி வச்சீங்க. ஒரு நா லீவு இல்லன்னு மேடையில வச்சு டிபன் பாக்ஸ் குடுத்தீங்க. இத யாரு எழுதுனது?"

"ஹெட்மாஸ்டர்" என்றேன்.

முனீஸ்வரி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இல்லம்மா. இது டீச்சர் எழுத்து." பிறகு என்னிடம், "வாசிக்கத்தான் டீச்சர் தெரியாது. ஒங்க எழுத்து எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வருசம் அதத்தான எழுதுனேன்" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்தாள். "நான் ஒங்கள்ட்ட கேட்டேன்ல டீச்சர், பத்தாப்புல. எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுங்கன்னு."

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"கலரக் குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றாள் பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து. நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன். கையெழுத்து ஆகவில்லை.


ஜூலை 25, வெள்ளி

ஞாபகம் இருக்கிறது.


ஜூலை 27, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று இவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை.

அந்த வருஷம் ஜூலை மாசக் கடைசி. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் போன பிறகு வந்தாள். பாவாடை மடிப்புக்குள் ஒரு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒளித்து வைத்திருந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது. "டீச்சர், இதச் சொல்லிக் குடுங்க டீச்சர். யாருக்கும் தெரியாம தெனம் கொஞ்ச நேரம்."

நான் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல. மார்ச் முடியட்டும். நான் குடுக்கிறத நூறு தடவ எழுது, பாஸாயிருவ."

சரி டீச்சர் என்று போய்விட்டாள். நூறு தடவை எழுதினாள். சில விடைகளை இருநூறு தடவை எழுதினாள். என் எழுத்தின் சுழி, கொம்பு, கால் எல்லாம் அச்சாக வந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், வகுப்பில் தூக்கிக் காட்டினேன். மார்ச் முடிந்தது. மே மாசம் ரிசல்ட் வந்தது, லட்டு கொடுத்தேன். அவளை மறந்தும் போனேன்.

ஜூலை மாசத்திலேயே எழுத்துக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்திருந்தால் மார்ச் மாசத்துக்குள் தட்டுத் தடுமாறி வாசித்திருப்பாள். ஆனால் பரீட்சையில் ஃபெயில் ஆகியிருப்பாள். என் பதினோரு வருஷம் ஏழு வருஷத்தோடு நின்றிருக்கும். கூட்டத்தில் மறுபடி எழுந்து நிற்க வேண்டும். இது எல்லாம் அந்த ஐந்து மணிக்கே, சாவியைத் திருப்பும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் மார்ச் முடியட்டும் என்றேன்.

ரோஸ்லினுக்கு இப்படி ஒரு சாயங்காலம் இருந்ததோ என்னவோ, தெரியாது. எனக்கு இருந்தது.


ஜூலை 30, புதன்

ஞானதுரை சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்று நடையில் மறித்துச் சொன்னார்: "கையெழுத்து வாங்கலன்னா பரவாயில்ல. விசாரணையில, அந்தப் பிள்ளை வகுப்புல நல்லா வாசிப்பான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. தாலுகா ஆபீஸ்ல பயந்துட்டா, அவ்வளவுதான். பிள்ளைக்கு சர்ட்டிபிகேட்டும் நிக்கும், உங்களுக்கு ரிட்டயர்மெண்டும் நிம்மதியா வரும்."

எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பத்து மாசம். இவரிடம் கேட்டேன். "சொல்லிட்டு வா, வம்பு எதுக்கு" என்றார். சப்பாத்தியைத் திருப்பிப் போட மறந்து கருக்கிவிட்டேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு மாற்றி எழுதத் தோன்றலாம்.

பதினோரு மணிக்கு டி.இ.ஓ. மேடம் வந்தார். ஒல்லியான அம்மா, சிரிப்பே கிடையாது. தலைமையாசிரியர் அறையில் எல்லோரையும் உட்காரவைத்தார். பஞ்சவர்ணமும் முனீஸ்வரியும் உட்காரச் சொல்லியும் சுவரோரம் நின்றார்கள். தொடக்கப் பள்ளி சார் பேசினார், ஆள் பற்றாக்குறை. ரோஸ்லின் பேசினார், அடிப்படை இல்லாமல் வந்தாள். ஞானதுரை சார் பேசினார், தாலுகா ஆபீஸில் பயந்திருப்பாள். எல்லாவற்றையும் மேடம் எழுதிக்கொண்டார்.

பிறகு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முனீஸ்வரியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "தெரியாது மேடம்" என்றாள்.

பஞ்சவர்ணம் மஞ்சள் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். மகளுடைய பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தமிழ்ப் பரீட்சைத் தாள். "இது அவ எழுதுனதுங்க. நான் எடுத்து வச்சிருந்தேன்."

மேடம் அதைப் புரட்டினார். ஃபைலில் இருந்து என் விளக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே?"

இரண்டு தாளையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசிக்கத் தெரியாத பிள்ளை எழுபத்திரெண்டு மார்க் எப்படி எடுத்திருக்கும்னு நெனச்சேன். இவங்க பேப்பர யார் எழுதினது? டீச்சர், நீங்க எழுதினீங்களா? பப்ளிக்லயும் இப்படித்தானா?"

ஞானதுரை சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அத டீச்சர்கிட்டத்தான் மேடம் கேக்கணும்" என்றார். பதினாறு வருஷம் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்.

மேடம் பேனாவைத் திறந்தார். "முறைகேடுன்னு எழுதினா சர்ட்டிபிகேட் ரத்து. புரியுதாம்மா?" என்று முனீஸ்வரியைப் பார்த்துச் சொன்னார். பஞ்சவர்ணம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் நல்லா வாசிப்பா மேடம் என்று இனி சொல்ல முடியாது. சும்மா இருந்தால் அவள் சர்ட்டிபிகேட்டும் போகும், என் வேலையும் போகும். யாரைக் காப்பாற்ற வாயைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதும்போதும் தெரியவில்லை.

"எழுதினது அவதான் மேடம். இதையும் அவதான் எழுதினா, பப்ளிக்கையும் அவதான் எழுதினா. ஒரு எழுத்து யாரும் சொல்லிக் குடுக்கல. வாசிக்கத் தெரியாமலே எழுத வச்சது நான்."

"அதெப்படிங்க எழுத முடியும்?"

"பேப்பர் குடுங்க மேடம்."

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். அரையாண்டுத் தாளில் அவள் விடை எழுதியிருந்த ஒரு கேள்வியின் முதல் எழுத்தை மட்டும் நான் மூலையில் எழுதினேன். முனீஸ்வரி அதைப் பார்த்தாள். மேசையோரம் குனிந்து நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. நிற்கவே இல்லை. நாலு வருஷம் பெட்டி அடைத்த கை. பதினைந்து நிமிஷத்தில் ஒரு பக்கம், ஒரு பிழை இல்லை. என் எழுத்தேதான். மேடம் மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ரோஸ்லின் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நீ எழுதினத வாசிம்மா."

வாசிக்கவில்லை. ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்ன?" என்றார் மேடம். அது ‘தெரு’. அவளுக்குத் தெரியவில்லை.

"மேடம்" என்றாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது வாசிச்சுச் சொல்லுங்க மேடம். நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

மேடம் தாளை என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். எங்கள் தெருவில் பத்து நாட்களாகக் குடிநீர் வரவில்லை, பலமுறை சொல்லியும் நடவடிக்கை இல்லை, பொதுமக்கள் சார்பில் நகராட்சி ஆணையருக்குப் புகார்.

"தண்ணி வரலன்னா எழுதியிருக்கேன்?" என்றாள் முனீஸ்வரி. "நான் ஏதோ ராசா கதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பஞ்சவர்ணத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இவளுக்குப் புகார் எழுதத் தெரிஞ்சிருக்கே. அத எழுதித் தாங்கன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒவ்வொருத்தர்ட்டயும் கெஞ்சிக்கிட்டு நின்னேனே."

மேடம் எழுதினார். தேர்வு எழுதியது இவரே, சான்றிதழ் செல்லும். எழுதி முடித்து என்னைப் பார்த்தார். "வாசிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த ஜூலையிலேயே மேடம். அவளே வந்து சொன்னா. சொல்லிக் குடுக்கவும் கேட்டா. நான் மாட்டேன்னேன்."

"விளக்கத்துல ஒரு நாளும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க."

"பொய் மேடம்."

"இப்ப உங்க பத்தாம் வகுப்புல இப்படி எத்தன பேர்?"

ஞானதுரை சார் இருமினார். "ஒன்பது பேர்" என்றேன். பேர் சொல்லச் சொன்னார். ஒன்பது பேரையும் சொன்னேன். என் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை எழுதுவதாகச் சொல்லிவிட்டு மேடம் எழுந்தார். மற்ற யார் மேலும் எதுவும் எழுதினாரா, தெரியாது.


ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ரசம் வைத்தேன், அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கோபம் பெரிது என்று அர்த்தம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முனீஸ்வரி நின்றிருந்தாள். நானே போய்ப் பேசினேன். பதினோரு மாசம் இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம், பள்ளி விட்டதும் உன் வீட்டுக்கே வருகிறேன், வாசிக்க வைத்துவிடலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "ஒண்ணாப்பு டீச்சர்ட்டப் பேசிட்டேன். காலை ஷிப்டா மாத்தி வாங்கியிருக்கேன். மத்தியானம் போய்ச் சின்னப் பிள்ளைகளோட ஒக்காந்துக்கிடுவேன்."

"நான் சொல்லிக் குடுத்தா சீக்கிரம் வந்துரும்மா."

"அதான் டீச்சர் வேண்டாங்கேன். நீங்க எழுதிக் காட்டுனா என் கை அத அப்படியே எழுதிரும். எனக்கு எதுவும் தெரியாமப் போயிரும்."

பஸ் வந்தது. போர்டை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்டக்டரிடம் எந்த ஊர் போகும் என்று கேட்டுவிட்டு ஏறினாள்.